சுரங்க நகரும் கலைக்கூடமும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஓர் ஊரின் வளர்ச்சியை அளக்க வேண்டுமாயின், அங்குள்ள ஆலைகளையும் சாலைகளையும் பள்ளிகளையும் கணக்கிடுவது வழக்கம். அவ்வூரில் படம் வரையக் கற்ற இளைஞன் ஒருவன் தன் முதல் ஓவியத்தை எங்கே மாட்டுவான் என்று எவரும் கேட்பதில்லை. கோலார் தங்கவயலைப் பொறுத்தவரை இவ்வினா மிக இன்றியமையாதது.

சுரங்கம் ஓய்ந்த நகர்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருந்திரளாக வந்து குடியேறின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இந்தியாவில் மின்விளக்கு எரிந்த முதல் நகரங்களுள் தங்கவயலும் ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 1972-இல் உருவான பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள், செலவு வரவை மிஞ்சியமையால், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

அதன்பின் எஞ்சியவை சயனைடு மேடுகளும், நீர் நிறைந்த குழிகளும், லைன் வீடுகளும், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் இரயிலும் ஆகும். இளைஞர் பலர் நாள்தோறும் அந்த இரயிலில் சென்று இரவில் திரும்புகின்றனர்.

இந்நிலையில், ‘குடிநீரும் வேலையும் கேட்டு நிற்கும் ஊருக்குக் கலைக்கூடம் எதற்கு?’ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஐயம் நியாயமானது, அதற்கு நேர்மையான விடை கூற வேண்டும். மறைந்துபோன ஆயிரக்கணக்கான வேலைகளை எந்தக் கலைக்கூடமும் திருப்பித் தராது. எனினும் அது செய்யக்கூடிய பணிகள் சில உண்டு. அவற்றை இரண்டு முன்மாதிரிகள் விளக்குகின்றன.

சோழமண்டலம் காட்டிய வழி

சென்னை அரசு கலைத் தொழிற்கல்லூரியின் முதல்வராக விளங்கிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர், நன்கு பயின்று வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காகக் கலையையே கைவிடுவதைக் கண்டு கவலையுற்றார். கலைஞர்கள் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் அமைத்தனர். பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினர். சோழமண்டலம் கலைஞர் கிராமம் இவ்வாறு பிறந்தது. ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, பி. வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் முதலியோர் அங்கே பணியாற்றினர். மைசூரில் பிறந்த எஸ். ஜி. வாசுதேவ் அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். பின்னாளில் அவர் பெங்களூரில் குடியேறினார்.

இதில் அடங்கியுள்ள பொருளாதாரம் எளிமையானது. ஓவியம் எப்போது விலைபோகும் என்பது உறுதியில்லை. துணியும் உலோகப் பொருளும் ஓரளவு உறுதியாக விலைபோகும். உறுதியான வருவாய், உறுதியில்லாத முயற்சியைத் தாங்கியது. ஒருவர் தனியே தாங்க இயலாத இடரைப் பலர் கூடிப் பகிர்ந்துகொண்டனர். 2009-இல் அங்கே திறக்கப்பட்ட தற்காலக் கலை மையத்தில், சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கு நிலையான அருங்காட்சியகமும், பிற கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துக் காட்சி வைக்கத்தக்க கூடங்களும் உள்ளன.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சோழமண்டலத்தார் ஏற்கனவே கல்லூரியில் பயின்றவர்கள்; அருகிலேயே ஒரு பெருநகரின் சந்தை அவர்களுக்கு இருந்தது. தங்கவயலின் நிலைக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு கடல் கடந்து கிடைக்கிறது.

ஆஷிங்டன் தொழிலாளர்கள்

வட இங்கிலாந்தில் ஆஷிங்டன் என்பது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1934-இல் அங்குள்ள தொழிலாளர் சிலர் கலையைப் பற்றி அறிய மாலை வகுப்பு ஒன்றைக் கோரினர். ஆசிரியராக வந்த ராபர்ட் லயன், பழைய ஓவியங்களைப் பற்றிய விரிவுரை அவர்களைக் கவரவில்லை என்பதை விரைவில் உணர்ந்தார். ‘நீங்களே வரையுங்கள்’ என்றார். சுரங்கத்தில் உழைத்தவர்கள் தம் வேலையையும் வீட்டையும் தெருவையும் வரைந்தனர். ஒருவர் படத்தை மற்றவர்கள் ஒளிவுமறைவின்றி விமர்சித்தனர். 1936-இல் நியூகாசில் நகரின் ஹேட்டன் கலைக்கூடத்தில் அவர்களது முதல் கண்காட்சி நடைபெற்றது. சிறந்த படங்களைத் தனித்தனியே சிதறவிடாமல் குழுவின் பொதுத் தொகுப்பாகவே காத்தனர். வுட்ஹார்ன் சுரங்கம் 1981-இல் மூடப்பட்டது. அந்த இடமே பின்னர் அருங்காட்சியகமாயிற்று. சுரங்கம் போயிற்று, சுரங்கத்தில் உழைத்தவனின் கண் கண்டது எஞ்சி நிற்கிறது.

தங்கவயலில் இதற்குக் காலம் குறைவு. 2001-இல் நாற்பது வயதாக இருந்த தொழிலாளி இன்று அறுபதைக் கடந்தவர். பாறை வெடிப்பின் ஓசையையும், கூண்டில் இறங்கும்போது முகத்தில் அடித்த வெப்பத்தையும், கல்தூசி நுரையீரலில் படிந்து மாண்ட தோழரையும் அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தங்கவயலைப் பற்றிப் படங்கள் எடுக்கப்படுகின்றன, நூல்கள் எழுதப்படுகின்றன. அவ்வூர்ப் பிள்ளைகளே தம் தாத்தாவின் முகத்தை வரைவதற்கு ஒரு கூரையும் ஒரு சுவரும் வேண்டும்.

கண்காட்சியும் செலவும்

கண்காட்சி என்பது வெறும் விழாவன்று. கலைஞன் சந்தையிலும் சமுதாயத்திலும் நுழையும் வாயில் அது. அவ்வாயிலைக் கடக்கத் தொடக்கநிலைக் கலைஞனுக்குப் பெருஞ்செலவு ஆகிறது. வண்ணமும் துணியும் வாங்க வேண்டும். சட்டம் போட வேண்டும். கூடத்திற்கு வாடகை செலுத்த வேண்டும். படங்களைக் கவனமாக ஏற்றிச்செல்ல வேண்டும். ஒரு படமும் விற்பதற்கு முன்னரே அவன் கடனாளி ஆகிறான். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை இதைத் தாங்குவான். லைன் வீட்டுப் பிள்ளை பாதியில் நின்றுவிடுவான். திறமை குறைந்ததனால் அன்று, முதல் போதாமையினால் நேரும் இழப்பு இது. இந்த இழப்பைத் தடுப்பதே சமுதாயக் கலைக்கூடத்தின் முதற்பணி.

1954-இல் தொடங்கப்பெற்ற லலித் கலா அகாதெமியும், 1960-இல் உருவான கர்நாடக சித்ரகலா பரிஷத்தும் இத்துறையில் அரிய தொண்டாற்றியுள்ளன. பரிஷத் ஆண்டுதோறும் பெங்களூர்க் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்ரசந்தையில், கலைஞர் தம் படத்தை இடைத்தரகரின்றி மக்களிடமே விற்கின்றனர். அச்சந்தைக்குத் தங்கவயலிலிருந்து செல்லும் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே செல்லுமுன் பயிற்சியும் தன்னம்பிக்கையும் உள்ளூரிலேயே பெறப்பட வேண்டும்.

செய்யத்தக்கவை

புதிய மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. நகரில் பயன்படாது கிடக்கும் பழைய கட்டடமொன்றைச் செப்பனிட்டால் போதும். அங்கே வாடகையின்றிக் கூடமும், முன்பணமாக மூலப்பொருளும் வழங்கலாம். விற்றபின் வருவாயில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்குப் பெறலாம். விற்காத படத்துக்குக் கடன் சுமத்தலாகாது. தேர்வுக் குழுவில் வெளியூர்க் கலைஞரும் முன்னாள் தொழிலாளரும் இடம்பெற வேண்டும். முன்னவர் தரத்தைக் காப்பர், பின்னவர் உண்மையைக் காப்பர். படவிளக்கங்கள் கன்னடத்திலும் தமிழிலும் அமைதல் வேண்டும். விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்து, அச்சுப் பதாகைகளால் தொழிலிழந்த ஓவியர்களை ஆசிரியர்களாக அமர்த்தலாம். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் தம் சுவர்களுக்கு ஆண்டுக்குச் சில படங்களை வாங்கினால், அதுவே உறுதியான சந்தையின் தொடக்கமாகும்.

ஒன்றை மட்டும் அலுவலர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். திறப்பு விழாவோடு பூட்டப்படும் கூடங்கள் நாட்டில் பல உள்ளன. கூடத்தின் வெற்றியை அதன் பரப்பைக் கொண்டு அளக்காமல், முதன்முறையாகக் காட்சி வைத்தோர் எத்தனை பேர், அவர்களுள் ஐந்தாண்டுக்குப் பின்னும் வரைவோர் எத்தனை பேர் என்பதைக் கொண்டு அளத்தல் வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில், நால்வர் பாறையொன்றை நெம்பிப் புரட்டுகின்றனர். அத்தகைய பாறையை நூற்றிருபது ஆண்டுகள் பூமிக்கடியில் புரட்டியவர்களின் மக்கள் தங்கவயலில் வாழ்கின்றனர். எடுத்த தங்கம் நாட்டுக்குச் சென்றது. எடுத்தவர்களின் உருவமேனும் அவர்கள் ஊரில் தங்க வழிசெய்வது நாட்டின் கடமையாகும்.