கத்தரியின் பிடியும் கையின் அளவும்



மொழிமன்ற மேடையில் செடி வெட்டும் கத்தரியைப் பற்றிப் பேசவிருக்கிறேன் என்று சொன்னபோது, நண்பர் ஒருவர், "இலக்கியம் தீர்ந்துபோயிற்றா?" என்று வினவினார். இலக்கியம் தீரவில்லை. ஆயினும் நம் முன்னோர் இந்நாட்டில் பேனா பிடித்த நாள்களைவிடக் கத்தி பிடித்த நாள்களே மிகுதி. அக்கருவிகளைப் பற்றி நம் மொழியில் முறையாகப் பேசியது குறைவு. கைத்தொழிற் கல்வி கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் இக்குறையில் எனக்கும் பங்குண்டு.

கவாத்து என்னும் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தேயிலை, மல்லிகை, கொய்யா ஆகியவற்றின் கிளைகளை அளவோடு வெட்டிவிடுவதைக் கவாத்துச் செய்தல் என்கிறோம். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலைநாட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் இச்சொல் அன்றாட வழக்கு. படைப்பயிற்சிக்கும் கவாத்து என்றே பெயர்; அது அரபு மொழியில் பிறந்து உருது வழியாக நமக்கு வந்தது. வரிசை குலையாமல் நிற்கவைப்பது இரண்டுக்கும் பொது என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர் அறிவர். கவாத்துக்குப் பயன்படும் ஒருகைக் கருவியைக் கவாத்துக் கத்தரி என்போம். கடைக்காரர் செக்கட்டர் என்பார். அது பிரெஞ்சுச் சொல். கருவியும் பிரான்சு நாட்டில் பிறந்ததே. பதினாறாம் லூயி மன்னரிடம் கடற்படை அமைச்சராக இருந்த பெர்த்திராண்டு தெ மொல்வீல் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். வளைகத்தியால் திராட்சைக் கொடியைச் சீவிப் பழகிய உழவர்கள் புதிய கருவியை உடனே ஏற்கவில்லை. அது தண்டை நசுக்கிவிடும் என்பது அவர்களின் குறை. அக்குறை வெறும் பழமைப்பற்று அன்று. அதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காரணத்தை விளங்கிக்கொள்ள நாம் பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை. நம் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் போதும். பினாங்கு என்றாலே பாக்கு. மலாய் மொழியில் பாக்குமரத்தின் பெயர் அது. நம் மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் அம்மரமே. பாக்கை வெட்ட நம்மிடம் பாக்குவெட்டி உண்டு. மலாய்க்காரர் அதனைக் காச்சிப் என்பர். அதனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு கரத்தில்தான் அலகு இருக்கும். மற்றொரு கரம் பாக்கைத் தாங்கும் பட்டடை. ஆதாரப்புள்ளி நுனியில் இருக்கிறது, பாக்கு நடுவில், கை மறுமுனையில். இது இரண்டாம் வகை நெம்புகோல் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கூடச் சொல்லிவிடுவார். கொட்டைப்பாக்கின் கடினத்துக்கு இதனினும் பொருத்தமான அமைப்பைக் காண்பது அரிது.

கவாத்துக் கத்தரிகளுள் ஒருவகை இதே முறையில் இயங்குகிறது. ஓர் அலகு இறங்கித் தட்டையான பட்டடையின்மேல் படும். காய்ந்த சுள்ளிக்கு அது நல்லது. ஆனால் பாக்கு உயிரற்ற பொருள். அதனை வெட்டியபின் அது ஆறவேண்டிய தேவையில்லை. செடியின் தண்டோ உயிருள்ளது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதுதான் வெட்டுவாயை மூடி ஆற்றுவது. பட்டடையில் வைத்து அழுத்தும்போது அப்படலம் நசுங்கும். நசுங்கிய இடத்தில் நீர் தேங்கும். பினாங்கின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்க வேறென்ன வேண்டும்? ஆகவே பச்சைத் தண்டுக்கு ஏற்றது இரண்டாம் வகைக் கத்தரி. அதில் குவிந்த கூரிய அலகு, குழிந்த மழுங்கிய கொக்கியை உரசிக்கொண்டு கடந்து செல்லும். கொக்கி தண்டைப் பிடிக்கும், அலகு சீவும். கொக்கி படும் பக்கத்தில் சிறு காயம் உண்டாகும். அதனால் செடியில் நிற்கப்போகும் பகுதியின் பக்கம் அலகும், உதிரப்போகும் பகுதியின் பக்கம் கொக்கியும் இருக்குமாறு பிடிக்கவேண்டும். இதைத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்து வெட்டுவோரே பலர். நானும் நெடுங்காலம் அப்படித்தான் வெட்டினேன்.

மரத்தின் காயத்தை மனத்திற்கொண்டு கருவியைத் திருத்தியதற்கு இந்நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. அமேசான் காட்டில் ரப்பர் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர், மரம் புண்ணாயிற்று. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, 1890களில், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவி மீண்டும் பால் வடியச் செய்யும் முறையை வகுத்தார். ஒரு முறைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கொஞ்சம் ஆழமாகப் போனால் வளர்படலம் அறுபடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த முறைக்கேற்பப் பால்வெட்டுக் கத்திகள் பல வடிவங்களில் வந்தன. தீபகற்ப மலாயாவில் செபோங் கத்தி பரவியது. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி-கோலெட்ஜ் கத்தி வழக்கிலிருந்தது. முறையை வகுத்தவர் பெயர் நூல்களில் இருக்கிறது. அதிகாலை இருளில் விளக்கின் ஒளியில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையால் அளந்தவர்களுள் பெரும்பகுதியினர் நம்மவர். அவர்கள் தம் கத்தியைத் தாமே தீட்டினர். கைப்பிடியைத் தம் கைக்கேற்பச் செதுக்கிக்கொண்டனர். அதுவும் வடிவமைப்புத்தான். அதனை எவரும் எழுதி வைக்கவில்லை.

இனிக் கத்தரியின் பிடிக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர்நிலை இதுவே.

என் தந்தையார் ஜார்ஜ்டவுனில் மாளிகைத் தோட்டங்களைப் பராமரிக்கும் தோட்டக்காரர். அவர் நோய்ப்பட்டபின் என் அன்னையார் அவ்வேலையை மேற்கொண்டார். தந்தையாரின் கத்தரியே அவருக்கும் வாய்த்தது. அது பெரிய கைக்குச் செய்யப்பட்டது. அன்னையார் அதனைப் பிடிக்கும்போது விரல்கள் பிடியின் முனைக்குப் போவதில்லை. முன்னே நகர்ந்து ஆணிக்கு அருகில் வந்துவிடும். பிடி அகலமாக விரிந்திருப்பதால் முனையில் அவர் விரல் எட்டாது. ஆணிக்கு அருகில் விரிவு குறைவு, அங்கே எட்டும். சிறுவனாக இருந்த எனக்கு அது பழக்கக் குறைவாகத் தோன்றிற்று. அது கணக்கு என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு தண்டை அறுக்க அலகில் 60 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை வேண்டும் என்று கொள்வோம். தண்டு ஆணியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. கை ஆணியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 12 கிலோகிராம் விசை போதும். விரல்கள் 7 சென்டிமீட்டருக்கு நகர்ந்துவிட்டால் 17 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். அதாவது, வலிமை குறைந்த கை கூடுதல் விசை செலுத்தவேண்டியிருக்கிறது. அத்துடன் அதே தண்டை அலகின் நுனியில், 4 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து வெட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை வெட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அன்னையாரின் வலக்கைப் பெருவிரல் இறுதி ஆண்டுகளில் முழுமையாக மடங்கவில்லை. சோற்றுப் பருக்கையை அவர் நான்கு விரல்களால் கூட்டி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் வாளாவிருக்கவில்லை. பழைய மிதிவண்டிக் குழாயிலிருந்து ரப்பர்ப் பட்டை ஒன்றை வெட்டி இரு பிடிகளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். கத்தரி பாதிக்குமேல் விரியாது. செம்பருத்தி, காகிதப்பூ, மல்லிகை ஆகியவற்றின் இளந்தண்டுக்கு முழு விரிவு எதற்கு? விரிவு குறைந்ததால் விரல்கள் பிடியின் முனையை எட்டின. இன்று விலையுயர்ந்த சில கத்தரிகளில் விரிவை இரண்டு நிலைகளில் மாற்றும் விசை இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ரப்பர்ப் பட்டை நினைவுக்கு வரும்.

பிடியின் விரிவு எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட கைக்கருவிக் கையேடு ஓர் அளவு தருகிறது. வலிமையாக அழுத்தும் இருபிடிக் கருவி முழுமையாக விரியும்போது மூன்றரை அங்குலத்தை, ஏறத்தாழ 9 சென்டிமீட்டரை, மிஞ்சக்கூடாது. மூடும்போது இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மிகையாக விரிந்தாலும் மிகையாக மூடினாலும் விரல் தசை தன் முழு ஆற்றலைக் காட்ட இயலாது. பிடி குட்டையாக இருந்து அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்துவதும் தீது. நரம்பும் குருதிக்குழாயும் அங்கே ஓடுகின்றன. இவ்வளவுகள் சராசரிக் கைக்கு உரியவை. சராசரிக் கை என்ற ஒன்றை எந்த மனிதரும் அணிந்துகொண்டு பிறப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

திருத்தங்கள் பல வந்துள்ளன. 1945இல் பெலிக்சு பிளிசு என்பவர் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய பெல்கோ நிறுவனம், எடை குறைந்த உலோகக் கலவைப் பிடியும், தேய்ந்தால் கழற்றி மாற்றத்தக்க உறுப்புகளும் கொண்ட கத்தரிகளைப் பரப்பியது. கை மூடும்போது கீழ்ப்பிடி தானே சுழலும் வகை ஒன்றுண்டு. விரல் பிடியின்மேல் உராய்ந்து கொப்புளம் ஆவதை அது குறைக்கிறது. தலைப்பகுதியைச் சற்றே சாய்த்து அமைப்பதால் மணிக்கட்டு வளையாமல் நேராக நிற்கும். பற்சக்கரம் வைத்து ஒரே வெட்டைப் பல அழுத்தங்களாகப் பிரிக்கும் வகையும் உண்டு. முதியோர்க்கு அது உதவும், வேலை மட்டும் மெதுவாகும். இடக்கைப் பழக்கமுடையோர்க்கு அலகும் கொக்கியும் இடம் மாறிய கத்தரிகள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் நான் கேட்டபோதெல்லாம், "வலக்கையால் பழகிக்கொள்ளுங்கள்" என்பதே விடையாக வந்தது. இதே விடையைப் பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதிய பிள்ளைகளுக்கு நாமும் சொல்லியிருக்கிறோம்.

இங்குள்ள தட்பவெப்பம் தனி வினாக்களை எழுப்புகிறது. ஈழத்தலரியை வெட்டினால் பால் வடிகிறது. அது அலகில் ஒட்டிக் காய்ந்து, கத்தரியைத் திறக்கவே முடியாதபடி செய்துவிடும். அலகின்மேல் சிறு வழிப்பள்ளம் அமைத்தால் பால் அதில் ஓடும். கரிமம் மிகுந்த எஃகு நன்றாகத் தீட்ட வரும், ஆனால் ஓர் இரவு மழையில் கிடந்தால் துருவேறும். துருப்பிடிக்காத எஃகு மழையைப் பொறுக்கும். விலை குறைந்தவற்றில் கூர் நிலைப்பதில்லை. சாவு நிலையில் உள்ள கிளையை வெட்டிவிட்டு, துடைக்காமல் அடுத்த செடிக்குப் போவதால் நோய் பரவுவதும் உண்டு. எளிதில் கழற்றித் துடைக்கத்தக்க கத்தரியே இத்தீவுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அழகிய நெகிழி உறை போர்த்தி, ஆணியைத் திறக்கவே இயலாதபடி அடித்து மூடிய கத்தரிகளை மாணவர்கள் வாங்கவேண்டாம்.

1884இல் சார்லசு கர்ட்டிசின் பொறுப்பில் தொடங்கிய நம் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பூக்களின் பெயர்களோடு வெட்டுவாய்களையும் காட்டுங்கள். பழைய கிளை வெட்டப்பட்ட இடத்தைச் சுற்றி வளர்படலம் வளையமாக மூடிவருவதைத் தொட்டுப் பார்க்கலாம். எந்த வெட்டு ஆறிற்று, எந்த வெட்டு அழுகிற்று என்று பிள்ளைகளே சொல்வார்கள். பள்ளிக்குத் திரும்பியபின், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையில், ஒவ்வொருவரும் தம் கையை வெள்ளைத் தாளில் வைத்து வரையட்டும். பெருவிரல் இடுக்கிலிருந்து நடுவிரல் நுனிவரை அளக்கட்டும். வீட்டிலுள்ள தாய், தந்தை, பாட்டி ஆகியோரின் கையையும் அளந்து வரட்டும். அட்டையிலும் மென்மரத்திலும் பிடிகளைச் செதுக்கிப் பார்க்கலாம். உறுப்புகளுக்குப் பெயர் சூட்டும் பணியில் மொழிமன்றமும் கைகொடுக்கவேண்டும்: அலகு, கொக்கி, ஆணி, சுருள்வில், பூட்டு, பிடி, வழிப்பள்ளம். இவற்றுள் மாற்றத்தக்கவை இருந்தால் சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்வோர் வேறு பெயர் வழங்கினால் அதுவே நிற்கட்டும்.

நான்கு கத்தரிகளையும் ஒரு பாக்குவெட்டியையும் கொண்டுவந்திருக்கிறேன். ரப்பர்ப் பட்டை கட்டியது என் அன்னையாருடையது. பட்டை மட்டும் புதியது. மேசைமேல் வைத்திருக்கிறேன், ஒவ்வொருவராக வந்து பிடித்துப் பாருங்கள். காய்ந்த குச்சியும் பச்சைக் குச்சியும் பக்கத்திலேயே இருக்கின்றன. இடக்கையர் முதலில் வரலாம்.