தன்னை அறியாதவனை அறிந்தவர்

தன்னை ஒருவர் முற்றாக அறிந்திருக்கிறார் என்னும் எண்ணம் மனிதனுக்கு ஆறுதலையும் தரும்; அச்சத்தையும் தரும். தன் உடலின் இயல்பை நன்கறிந்த வைத்தியர் அருகிருக்கும்போது நோயாளி அமைதி கொள்கிறான். அதே மனிதன், தன் நெஞ்சில் ஓடும் நினைவுகளையெல்லாம் அயல்வீட்டார் படித்துவிட்டார் என்று அறிந்தால், ஊரை விட்டே ஓடிவிடுவான். இறைவன் ஒவ்வொருவரையும் தனித்தனியே, பேர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருக்கிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் நம்பிக்கை. அந்த அறிவு அச்சமாகாமல் ஆறுதலாவது எவ்வாறு? இவ்வினாவை மறியற்சாலையின் தனியறையிலே எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு.

டீட்ரிக் பொன்ஹோபர் 1906 ஆம் ஆண்டு, அன்று ஜேர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லௌ நகரிலே பிறந்தார். தந்தையார் மனநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற பேராசிரியர். மகனோ இறையியலை நாடி, இருபத்தொரு வயதிலேயே கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வை முடித்து, பின்னர் லூத்தரன் சபையின் குருவானார். 1933 இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றித் திருச்சபையையும் தன் கைப்பாவையாக்க முற்பட்டபோது, அதனை எதிர்த்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். நாளடைவில், ஹிட்லரைக் கவிழ்க்க மறைவாக முயன்றவர்களோடும் சேர்ந்துகொண்டார். 1943 ஆம் ஆண்டு ஏப்ரில் 5 ஆந் திகதி கைதாகி, பேர்லினிலுள்ள தேகல் மறியற்சாலையில் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. திருமணம் நிச்சயமாகி மூன்று மாதங்கூட நிறையவில்லை.

முதல் இரவு கொடுக்கப்பட்ட போர்வையின் துர்நாற்றம் தாங்கமுடியாமல் அதனை அவர் விலக்கிவிட்டார். மறுநாட் காலையில் உரொட்டித் துண்டு கதவு வழியே அறைக்குள் எறியப்பட்டது. பேர்லின் நகர்ப் படைத்தளபதி அவருடைய தாய்வழி உறவினர் என்பது பின்னர் தெரியவந்ததும், காவலரின் போக்கு மாறிற்று. உலகம் எங்கும் ஒரே மாதிரித்தான்! ஆயினும், காலப்போக்கில் அவர் பெற்ற மதிப்பு உறவினரால் வந்ததன்று. வானிலிருந்து குண்டுகள் விழுந்த இரவுகளிலே நடுங்கிய கைதிகளுக்கு அவர் தேறுதல் கூறினார். காவலர் சிலர் தம் உயிரைப் பணயம் வைத்து அவருடைய கடிதங்களை வெளியே கொண்டுசென்றனர். கண்டவர் யாவரும் அவரைக் கலங்காத வீரர் என்றே கருதினர்.

அவருடைய உள்ளமோ வேறொரு கதையைச் சொல்லிற்று. சிறைப்பட்ட தொடக்க நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தலைகாட்டியதென்பது, அவர் எழுதிவைத்த சிறு குறிப்பொன்றினால் தெரிகிறது. 1943 திசம்பரில் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், பிறர் காணும் அமைதியான மனிதன் தானா, உள்ளே துடிக்கும் மனிதன் தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மனத்தைக் கூறுபோட்டு ஆராய்வதில் தனக்குச் சலிப்பே மிஞ்சியது என்றும் அதில் உணர்த்தினார். மனநோய் மருத்துவரின் மகன் இப்படி எழுதியது கருதத்தக்கது.

1944 ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வையமே ஒரு கவிதையாயிற்று. அதன் தலைப்பு 'நான் யார்?' என்பது. இவ்வினா தமிழ்ச் செவிகளுக்குப் புதியதன்று. இரமண மகரிஷியின் உபதேசத்தைக் கொண்ட சிறு நூலும் இதே பெயரை உடையது. அங்கே வினா அகமுகமாகச் சென்று, கேட்பவனுடைய வேரையே தேடுகிறது. பொன்ஹோபரோ உள்ளே பார்த்துப் பார்த்து, இரண்டு மனிதரைக் கண்டு, எவன் மெய்யானவன் என்று தீர்க்கமுடியாமல் நின்றார். நிமிர்ந்து நடப்பவனும் தானே. சிறகொடுங்கிய பறவைபோல் ஏங்குபவனும் தானே. பிரார்த்தனை செய்யவும் வலுவின்றிக் களைத்தவனும் தானே.

இந்த இடத்தில் ஒன்றை நினைத்தல் வேண்டும். அவரை அறிய விரும்பியவர்கள் வேறு சிலரும் இருந்தனர். விசாரணையாளர் அவர் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார், என்ன நினைத்தார் என்று துருவித் துருவிக் கேட்டனர். வழக்கமான முறையிற் சென்ற கடிதங்களைத் தணிக்கையாளர் வரி வரியாகப் படித்தனர். அதுவும் ஒரு மனிதனை அறிதல்தான். ஆனால் அழிப்பதற்காக அறிதல். கொடுங்கோலாட்சியின் கீழ் வாழ்ந்த எவனுக்கும், எல்லாம் அறிந்தவர் ஒருவர் உண்டு என்ற சொல் முதலில் நடுக்கத்தையே தரும்.

வேதாகமம் இந்நடுக்கத்தை மறைக்கவில்லை. நூற்றுமுப்பத்தொன்பதாம் சங்கீதத்தைப் பாடியவர், தன் இருப்பையும் நடையையும் அறிந்த இறைவனிடமிருந்து எங்கே ஒளிக்கலாம் என்றுதான் முதலில் வழி தேடுகிறார். உயரமோ ஆழமோ தூரமோ இருளோ அவருக்கு மறைவிடம் தரவில்லை. ஆனால் பாட்டு முடியும்போது, தன்னை இன்னும் ஆராய்ந்து பார்க்கும்படி அவரே இறைவனை வேண்டுகிறார். இடையில், தாயின் கருவிலேயே தன்னை உருவாக்கிய கைகளை அவர் நினைத்துக்கொண்டார். அறிபவரும் ஆக்கியவரும் ஒருவரே என்று கண்டபோது அச்சம் நீங்கிற்று.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஒரு சமாரியப் பெண் வருகிறாள். நண்பகல் வெயிலிலே அவள் தனியே தண்ணீர் மொள்ள வந்தாள். கணவர் ஐவரைக் கண்டவள். இப்போது உடனிருப்பவனும் கணவனல்லன். கிணற்றருகே அமர்ந்திருந்த இயேசுநாதர் இதனை அவளுக்கே எடுத்துரைத்தார். அவள் நாணி ஓடியிருக்கவேண்டும். மாறாக, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குட் சென்று, தன் வாழ்வையெல்லாம் சொன்ன ஒருவர் வந்திருக்கிறார் என்று எல்லோரையும் அழைத்தாள். ஊராரும் அவள் கதையை அறிந்திருப்பர். ஆனால் அவள் கையிலிருந்து தண்ணீர் கேட்டவர் இவர் ஒருவரே. சமாரியரோடு யூதர் கலந்து பழகாத காலம் அது.

இது எளிய ஆறுதல், ஏக்கத்துக்குக் கொடுக்கும் மருந்து என்று சொல்வோர் உண்டு. விடுதலை கிடைக்குமென்று நம்பியிருந்தால் அவ்வாறு கூறலாம். பொன்ஹோபர் அதனைப் பேரமாகக் கேட்கவில்லை. சிலுவையிலே தாமும் கைவிடப்பட்டு நின்ற இறைவனையே அவர் துணையென நம்பினார். எனவே அக்கவிதையில் 'நான் யார்?' என்ற வினாவுக்கு விடை இல்லை. இருவரில் எவனாயினும், தன்னை அறிந்தவர் இறைவன், தான் அவருக்குரியவன் என்ற அளவோடு அவர் எழுதுகோலை வைத்துவிட்டார்.

1944 யூலை 20 ஆந் திகதி ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தவறிற்று. ஒக்டோபரில் பொன்ஹோபர் இரகசியப் பொலிசாரின் நிலவறைக்கு மாற்றப்பட்டார். 1945 பெப்ரவரியில் அங்கிருந்தும் கொண்டுசெல்லப்பட்டார். எங்கே என்பது பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. ஏப்ரில் 9 ஆந் திகதி அதிகாலையில் புளோசன்பேர்க் முகாமிலே அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்குக் கல்லறை இல்லை. இரு வாரங்களில் அமெரிக்கப் படை அம்முகாமை அடைந்தது.

அழிந்து கிடந்த பேர்லினிலே முதிய தந்தையும் தாயும் செய்திக்காகக் காத்திருந்தனர். யூலை 27 ஆந் திகதி வானொலியைத் திருப்பியபோது, இலண்டன் தேவாலயமொன்றில் நடந்த நினைவு வழிபாடு ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. அங்கே சொல்லப்பட்ட பெயர் தங்கள் மகனுடையது என்பதை அவர்கள் கேட்டனர்.