தவணை கேட்ட வீட்டில் ஊசி அட்டை கேட்டோமா?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கூட்டமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை)



கொரோனா காலத்தில் நம் கூட்டமைப்பு என்னென்ன செய்தது என்று பேசச் சொன்னார்கள். முகக்கவசம் தைத்தோம். கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தோம். கடன் கொடுத்தோம். அதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் இன்றைக்கு நாம் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான்.

என் குழுவிலேயே ஒரு அக்கா. அவருடைய பேத்திக்கு 2020 மார்ச் மாதம் பதினாலு மாசம். நம்ம பால்வாடியில் எடை போட்டபோது எட்டு கிலோ முந்நூறு. வளர்ச்சி அட்டையில் பச்சைக் கட்டம். ஒன்பதாம் மாச ஊசி வரை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். அந்த மாசக் கடைசியில் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. பால்வாடிக்குப் பூட்டு. புதன்கிழமை ஊசிக்கு வரிசையில் நிற்கிற கூட்டமும் நின்றுபோச்சு.

ஊரடங்கு தளர்ந்த பிறகு அந்த வீட்டுக்கு நான் நாலு தடவை போயிருக்கிறேன். தைத்த முகக்கவசம் வாங்க இரண்டு தடவை, சேமிப்பும் தவணையும் வாங்க இரண்டு தடவை. பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். "என்னடி குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்துவிடுவேன். நவம்பரில் நர்சம்மா வந்து எடை போட்டார். எட்டு கிலோ நானூறு. எட்டு மாசத்தில் ஏறியது நூறு கிராம்! பச்சையில் இருந்த பிள்ளை மஞ்சளுக்கு வந்துவிட்டது. ஒன்றரை வயசு ஊசியும் போடவில்லை. "ஏக்கா, நீங்க வாராவாரம் கணக்குப் பாக்கிறவங்கதானே, இதப் பாக்கலியா?" என்று நர்சம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த அக்காவின் கடன் பாக்கி எவ்வளவு என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பேத்தி எடை தெரியாது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் கணக்குச் சொல்லியிருக்கின்றன. 2020இல் உலகம் முழுவதும் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டைவிட 37 லட்சம் கூடுதல். நம் நாட்டில், மூன்று தவணை முத்தடுப்பு ஊசியில் முதல் தவணைகூடப் போடாத குழந்தைகள் 2019இல் சுமார் 14 லட்சம் பேர். 2020இல் அது 30 லட்சம் ஆகிவிட்டது. கொரோனா சிறு பிள்ளைகளை அவ்வளவாகத் தாக்கவில்லை என்று நாம் நிம்மதியாக இருந்தோம். அது வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆனது? யாரும் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கன்வாடி டீச்சரும் நர்சம்மாவும் அந்த மாதங்களில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பட்டியல் எடுத்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு கைதான். தகரம் வைத்து அடைத்த கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் ஊசி முகாம் நடத்தக் கூடாது, அந்தப் பகுதியை விடுவித்த பிறகும் 14 நாள் பொறுக்க வேண்டும் என்று விதி இருந்தது. முகாம் நடந்த இடத்துக்கும் நாம் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலே மூக்கில் குச்சி விடுவார்கள், பிள்ளையைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள் என்று பயம். "இப்போ என்ன அவசரம், எல்லாம் முடியட்டும்" என்று நானே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, தாய்வீட்டுப் பிரசவம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்துப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள் பஸ் இல்லாமல் மாதக்கணக்கில் இங்கேயே தங்கிவிட்டார்கள். பதிவு புகுந்த ஊரில், பிள்ளை இங்கே. அந்த ஊர் நர்சம்மா பட்டியலில் பேர் இருக்கும், ஆள் இருக்காது. நம்மூர்ப் பட்டியலில் பேரே இருக்காது. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பால்வாடி மூடியிருந்தாலும் அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு வீட்டுக்கு வந்தது. பெரிய உதவிதான். ஆனால், பால்வாடியில் பிள்ளை தட்டில் போட்டால் அது பிள்ளை வயிற்றுக்குப் போகும். வீட்டுக்கு வந்தால் குடும்பத்துக்குப் போகும். திருப்பூரிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்த மகன், மருமகள், மற்ற பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கிற வீட்டில் சத்துமாவு உருண்டையை ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? எந்தத் தாயாலும் முடியாது. எடை மெஷினும் பூட்டிய அறைக்குள். பிள்ளை இளைப்பது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. எடை போட்டால்தான் தெரியும்.

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே" என்பீர்கள். முடியவில்லை. தட்டம்மை காத்திருந்து வரும் நோய். நூற்றில் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது ஊருக்குள் நுழையாது. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில், எல்லார் கண்ணும் எபோலா மேல் இருந்தபோது, தட்டம்மையில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எபோலாவில் இறந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய நோயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பழைய நோய் பின்வாசலில் நிற்கும்.

விட்டுப்போன ஊசிகளைப் போட 2021 பிப்ரவரி, மார்ச்சில் இந்திரதனுஷ் சிறப்பு முகாம் நடத்தினார்கள். மறுவருடமும் நடத்தினார்கள். நல்லது. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி விட்டிருக்கிறது என்பது சென்னைக்கும் டெல்லிக்கும் தெரியாது. தெருவில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். வாரம் தவறாமல் கூடி, பத்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, மாதத்தின் முதல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உறுப்பினர் வீட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், கடைசியாகப் போட்ட ஊசி, கடைசி எடை. அவ்வளவுதான். ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம், ஒன்பது முடிந்து, ஒன்றரை வயசு, ஐந்து வயசு. தவணைத் தேதி ஞாபகம் வைக்கிற நமக்கு இது ஒரு கஷ்டமா? தவணை தவறிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். திட்டுவார்களோ என்று அட்டையை ஒளித்து வைக்காதீர்கள்.

இரண்டு, பிரசவத்துக்கு மகள் வந்தால் அந்த வாரமே நர்சம்மாவிடமும் பால்வாடியிலும் சொல்லுங்கள்.

மூன்று, நாளைக்கே இன்னொரு நோய் வந்து கதவு எல்லாம் மூடினாலும், குழுவிடம் கையின் சுற்றளவு பார்க்கும் நாடா ஒன்று இருக்கட்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளையின் மேல்கையில் சுற்றினால் பச்சை, மஞ்சள், சிவப்பு தெரியும். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. சிவப்பு வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். எப்படிப் பார்ப்பது என்று அங்கன்வாடி டீச்சரிடம் கற்றுக்கொள்ளலாம். மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம், சாவி வேண்டாம்.

அந்தப் பேத்தியைக் கேட்பீர்கள். தினம் ஒரு முட்டை, இரண்டு வேளை சத்துமாவுக் கஞ்சி என்று அந்த அக்கா மல்லுக்கட்டினார். மஞ்சளிலிருந்து பச்சைக்கு வர ஏழு மாசம் பிடித்தது. இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறாள். என்னைப் பார்த்தால் "ஆயா, அட்டை இருக்கு" என்பாள், கேலியாக. அவள் பிழைத்துக்கொண்டாள், நாம் பார்த்ததால் அல்ல. நர்சம்மா மறக்காததால்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோடு பிள்ளையின் அட்டையையும் கொண்டு வாருங்கள். முதலில் அதைப் பார்ப்போம், பிறகு பணத்தை எண்ணுவோம்.