போஸ்ட் பெட் மெஷின்: ரிப்பேரா, புதுசா?

ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் தைச்சுக் கொடுக்கிறவங்களுக்கான பகுதி இது. தையல் விட்டுவிட்டுப் போகுதா? முதல்ல ஊசியை மாத்திப் பாருங்க. சரியாகலைன்னா ஹூக் தேஞ்சிருக்கலாம். அதை மாத்தி டைமிங் வெச்சாப் போதும்.

கிளச் மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா, திரும்பக் காயில் கட்டாதீங்க. அது தைக்காதப்பவும் சுத்தி கரண்ட் இழுக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும்தான் ஓடும். பழைய மெஷின்லயே மாட்டிக்கலாம்.

மெயின் ஷாஃப்ட்டே ஆடுது, ஹெட்டுல விரிசல்னா, புதுசுதான் வழி. ஆனா தவணைக்கு வாங்கும் முன்னாடி யோசிங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட மாதிரி ஒரு மாசம் வந்தா, ஆர்டர் நிக்கும், தவணை நிக்காது.