கொல்லிமலையில் ஒரு கௌபாய்த் திகில்



சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் பலருக்கு ‘மந்திரி குமாரி’ நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப்போவது அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு படத்தைப் பற்றி. 1952ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸும் கைகோத்து ஒரு படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. காட்டு விலங்குகள் ஏன் வெறிகொண்டு ஓடுகின்றன என்று தேடிக் காட்டுக்குள் போகிறது ஒரு கூட்டம். எப்போதோ அழிந்துபோன மாமத் என்னும் சடை யானைகள்தான் காரணம் என்று தெரியவருகிறது. அந்த மாமத்துகளாக நடித்தவை நம்மூர் யானைகள். உடம்பு முழுக்கச் சடைமுடியைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்.

கதாநாயகன் ராட் கேமரன், கௌபாய் படங்களில் குதிரையேறிப் பெயர் வாங்கியவர். இயக்குநர் வில்லியம் பெர்க் அதே வகைப் படங்களை வரிசையாக எடுத்தவர். நம்முடைய எம்.என். நம்பியாரும் அதில் உண்டு. கௌபாய் ஆட்கள், திகில் விலங்கு, சிக்கனமான செலவு, இந்த மூன்றையும் கொல்லிமலைக்குப் பக்கத்துச் சேலத்துக்காரர்கள் அன்றைக்கே ஒன்றுசேர்த்துவிட்டார்கள்.

நான் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். கௌபாய், திகில் என்னும் இந்த இரண்டு வகைக் கதைகளும் ஏன் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்கின்றன என்பது என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி.

கௌபாய் படத்தில் முதல் பாத்திரம் நிலம். காவல் நிலையம் வெகுதூரம், பக்கத்து வீடும் வெகுதூரம். வருவதை நாமேதான் எதிர்கொள்ள வேண்டும். திகில் படத்துக்கும் அதே தனிமைதான் வேண்டும். 1969இல் வந்த ‘தி வேலி ஆஃப் குவாங்கி’யில் கௌபாய்கள் டைனோசர் கழுத்துக்குச் சுருக்குக் கயிறு வீசுகிறார்கள். 1990இல் வந்த ‘டிரெமர்ஸ்’ நெவாடா பாலைவனத்துச் சிற்றூரில் நடக்கும் கதை. மண்ணுக்கடியில் ராட்சதப் புழுக்கள். காலடி அதிர்வை உணர்ந்து வருகின்றன. பாறைமேல் ஏறி நின்றால்தான் உயிர் பிழைக்கலாம். பல காட்சிகளில் புழுவே தெரியாது. மண் மேடிட்டு ஓடிவரும், வேலிக்கால்கள் ஒவ்வொன்றாகச் சாயும், அவ்வளவுதான். நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம்.

காசு குறைவாக உள்ளவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். நிலத்தைக் காட்டுங்கள், விலங்கைக் கேட்கவையுங்கள்.

இனி நான் அதிகம் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1943இல் ஜாக் டூர்னர் இயக்கிய ‘தி லெப்பர்டு மேன்’ நியூ மெக்சிகோவில் நடக்கும் கதை. ஒரு கருஞ்சிறுத்தை தப்பிவிடுகிறது. இரவில் மாவு வாங்கிவர மகளைக் கடைக்கு அனுப்புகிறாள் தாய். பெண் பயப்படுகிறாள், தாய் கதவைத் தாழிட்டுவிடுகிறாள். திரும்பி ஓடிவந்த மகள் கதவைத் தட்டிக் கதறுகிறாள். கேமரா வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. நமக்குக் கேட்பது தட்டும் சத்தமும் கதறலும். தாய் பதறித் தாழ்ப்பாளோடு போராடுகிறாள். கதவுக்கு வெளியே எல்லாம் அடங்குகிறது. பிறகு கதவிடுக்கில் ரத்தம் கசிந்து உள்ளே வருகிறது. மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். அந்தக் கதவை எண்பது வருடமாக யாராலும் மறக்க முடியவில்லை.

குரல் உண்டாக்குவதும் அப்படித்தான். 1933இல் ‘கிங் காங்’ படத்துக்காக மர்ரி ஸ்பிவாக் சிங்கம், புலி உறுமல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, பின்னோக்கி ஓடவிட்டுக் கலந்தார். 1954இல் ஜப்பானின் ‘காட்ஸில்லா’வுக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்த்திய நரம்பைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தார். உலகமே நடுங்கிய குரல் அப்படிப் பிறந்தது.

நம்மிடம் உறுமி இருக்கிறது. அதன் ஒரு முகத்தைக் கொட்டுவார்கள், மறுமுகத்தை வளைகுச்சியால் தேய்ப்பார்கள். ஒரு குறும்படத்துக்காக அந்தத் தேய்க்கும் ஓசையை மட்டும் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினேன். மூச்சுவிடும் பெரிய உடம்பு ஒன்று அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. இயக்குநர் தம்பி அதைக் கேட்டதும், செய்துவைத்திருந்த ரப்பர் உருவத்தைப் படத்தில் காட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

கொல்லிமலையில் நாடுகள் எனப்படும் பதினான்கு ஊர்த்தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டுக்கு இரவு ஓசைகளைப் பதியப் போயிருந்தோம். “ராத்திரியில எந்தச் சத்தம் கேட்டா பயமா இருக்கும் பாட்டி?” என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். “சத்தத்துக்கு எதுக்குச் சாமி பயம்? கட்டுத்தறியில மாட்டு மணி திடீர்னு நின்னாத்தான் எந்திரிச்சு உக்காருவோம்” என்றார். எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது. மணி ஆடிக்கொண்டே இருக்கட்டும், பார்ப்பவர் அதை மறக்கட்டும், பிறகு நிறுத்துங்கள். விலங்கு வந்துவிட்டது! ஒரு ரூபாய் செலவில்லை.

இந்த மலைக்குக் கதை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வேட்டுவனைப் பாருங்கள். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் தைக்கிறது. பாணர் கூட்டம் அவன் யாரென்று தெரியாமலே பாடுகிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியாகிய அவனோ தன் பெயர் கேட்டு நாணி, பொருள் கொடுத்து அனுப்புகிறான். பெயர் சொல்லாத தனி வில்லாளி! கௌபாய் கதாநாயகனுக்கு இதைவிட மூத்த முன்னோன் யார்? அதே மலையில்தான் கொல்லிப்பாவை என்னும் தெய்வப் பதுமையும் நிற்கிறாள். புயல் மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் வடிவம் குலையாதவள் என்கிறது நற்றிணை. சிரித்து மயக்கி உயிர் வாங்குவாள் என்கிறது வழிவழி வந்த கதை. நகராமல் பயமுறுத்தும் ஓர் உருவத்தை நம் முன்னோர் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கௌபாய் படங்கள் பலவற்றில் அந்த மண்ணின் மக்களையே எதிரியாக்கினார்கள். திகிலைக் கலக்கும்போது அந்தப் பழக்கமும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும். கொல்லிமலைப் பழங்குடிகளான மலையாளி மக்களை மந்திரவாதிகளாகவும், அவர்கள் கும்பிடும் எட்டுக்கை அம்மனைப் பேயாகவும் காட்டுவது பெரும் அநியாயம். பாதை தெரிந்தவர்தான் கௌபாய் கதையின் நாயகர். கொல்லிமலையில் பாதை தெரிந்தவர்கள் அந்த மக்கள்தான். மிளகுக் கொடியேறும் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணே கதாநாயகியாக நிற்கட்டும்.

தமிழில் கௌபாய் படத்துக்கு வழியும் இருக்கிறது. ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று எழுபதுகளில் ஜெய்சங்கரை வைத்துக் கர்ணன் எடுத்தவை இன்றும் ரசிக்கப்படுகின்றன. 2010இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ வந்தது. அந்த நிலத்தில் ஒரு திகில் விலங்கை உலவவிடுவதுதான் இனி பாக்கி.

நேரம் நெருங்குகிறது. ஒப்பனை, ஒளியமைப்பு பற்றி ஒரே வரி: உருவத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடைசியில், அந்திக் கருக்கலில், ஒரு கணம் காட்டுங்கள். ஒலிப்பதிவுக்கு வந்தால், மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் பஞ்சுறை போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடமாவது பதியுங்கள். ஆம்பியன்ஸ் என்போம், எடிட்டிங்கில் அதுதான் கைகொடுக்கும்.

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டிலும் செம்மேட்டிலும் கையில் செல்போனோடு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே! நிலம் உங்களிடம் இருக்கிறது, கதை இருக்கிறது, உறுமியும் மாட்டு மணியும் இருக்கின்றன. யானைக்குச் சடை கட்ட வேண்டிய அவசியம்கூட உங்களுக்கு இல்லை. பெரிய முதலீட்டுக்குக் காத்திருக்காமல் இன்று இரவே உங்கள் ஊர்ச் சத்தத்தைப் பதியத் தொடங்குங்கள். நம் மலையின் முதல் கௌபாய்த் திகில் படத்தை நம் மலைப் பிள்ளைகளே எடுக்க வேண்டும்.