சிவப்பு லைட் எரிஞ்சா பாக்ஸ் ஆஃப் ஆயிடுச்சுன்னு அர்த்தமா?

கரண்ட் பில் எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி நிறைய பேர்கிட்ட இருந்து வந்தது. ராத்திரி படுக்கப் போறப்போ செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் ஆஃப் பண்ணினா போதுமா, இல்ல சுவத்துல இருக்கிற சுவிட்சையே அணைக்கணுமா?

சாதா பாக்ஸ்னா பதில் சின்னது. சுவிட்சை அணைச்சிடுங்க. ரெக்கார்டர் பாக்ஸ்னா, அதாவது உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிற பாக்ஸ்னா, பதில் கொஞ்சம் நீளம். எங்க ஆயா வீட்டு பாக்ஸைப் பத்தி சொன்னா ஏன் நீளம்னு புரியும்.

முதல்ல ஸ்டாண்ட்பைன்னா என்னன்னு பார்ப்போம். ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினதும் பச்சை லைட் சிவப்பாகும், படம் போயிடும். நிறைய பழைய பாக்ஸ்ல உண்மையில் நடக்கிறது அவ்வளவுதான், டிவிக்குப் படம் அனுப்புறதை மட்டும் நிறுத்துது. மொட்டை மாடி டிஷ்ஷோட வாயில இருக்கிற எல்.என்.பிக்கு கேபிள் வழியா கரண்ட் போறது இந்தப் பாக்ஸ்ல இருந்துதான். 13 வோல்ட், இல்லேன்னா 18 வோல்ட். பல மாடல்ல ஸ்டாண்ட்பையிலும் அது போய்க்கிட்டே இருக்கும். உங்க ரீசார்ஜ் முடிஞ்சுதா, எந்த பேக் போட்டிருக்கீங்க என்கிற உத்தரவு சாட்டிலைட் வழியாத்தான் பாக்ஸுக்கு வருது. அதைக் கேட்க ட்யூனர் விழிச்சிருக்கணும். ஒரு வாரம் வீட்டைப் பூட்டிட்டுப் போய் வந்தா சேனல் வராம கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுவோம் இல்லையா, அவங்களும் "பாக்ஸை ஆன்லயே கொஞ்ச நேரம் விடுங்க சார்"னு சொல்வாங்க. அது இதுக்காகத்தான். சாஃப்ட்வேர் அப்டேட், நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாமும் இதே வழியில்தான் வருது.

ரெக்கார்டர்ல இன்னும் ஒண்ணு கூடுது. லைவ் நிகழ்ச்சியை பாஸ் பண்ணிட்டு பின்னாடி ஓட்ட முடியுதே, எப்படி? நீங்க பார்க்கிற சேனலை அது எந்நேரமும் டிஸ்க்ல எழுதிக்கிட்டே இருக்கு. ஒழுங்கா எழுதின சாஃப்ட்வேர்னா ஸ்டாண்ட்பை போனதும் இந்த எழுத்தை நிறுத்தி, கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கையும் சுழலவிடாம நிறுத்தும். ஒழுங்கில்லாததுன்னா சிவப்பு லைட்டோட ராத்திரி முழுக்க டிஸ்க் சுத்தும். கண்டுபிடிக்க மீட்டர் கூட வேண்டாம். ஊர் அடங்கினதும் பாக்ஸ் மேல கையை வைங்க. சூடும் லேசான அதிர்வும் இருந்தா அது தூங்கலை.

நான் மீட்டரும் வச்சுப் பார்த்தேன். பிளக்ல மாட்டற வாட் மீட்டர். ஆயா வீட்டு ரெக்கார்டர் ஓடும்போது 18 வாட், ஸ்டாண்ட்பையில் 15 வாட். பக்கத்திலேயே இருக்கிற எல்.இ.டி டிவி ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கும் கீழே. 15 வாட்னா ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. நம்ம ஊர் பில் ரெண்டு மாசக் கணக்கு, அதனால 60 நாளைக்கு 21.6 யூனிட்.

இது பெருசா சிறுசான்னு கேட்டா, எந்தப் படியில நிக்கறீங்கன்னு பொறுத்தது. ஆயா வீட்டில் 200 யூனிட் தாண்டாது, அங்கே இது 50 ரூபாய் சமாச்சாரம். 500 யூனிட் ஓரத்தில் இருக்கிற வீடு வேற. 2022 செப்டம்பர்ல வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அப்புறம் ரேட் ஏறியிருக்கு, ஆனா இந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கு. யாரும் பார்க்காத நேரத்தில் பாக்ஸ் தின்ன யூனிட் உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டா எரிச்சல் வருமா வராதா?

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. 2011ல் அமெரிக்காவில் என்.ஆர்.டி.சி என்கிற அமைப்பு கணக்கு எடுத்தாங்க. ஒரு எச்.டி ரெக்கார்டரும் ஒரு எச்.டி பாக்ஸும் இருக்கிற வீட்டில் அது ரெண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 446 யூனிட். நல்ல ஃபிரிட்ஜை விட அதிகம். சர்வதேச எரிசக்தி முகமை 1999லயே எல்லா சாதனமும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்குள்ள இருக்கணும்னு திட்டம் வச்சது. ஐரோப்பாவில் 2010ல் ஒரு வாட், 2013ல் அரை வாட்னு சட்டமே ஆச்சு. ஆனா இந்த மாதிரி சிக்கலான பாக்ஸுக்கு மட்டும் கம்பெனிகளே தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட ஒப்பந்தம்தான். பாக்ஸ் வித்தவங்க கரண்ட் பில் கட்டப் போறதில்லையே.

சரி, ஆயா வீட்டுக்கு வருவோம். ஊர் மொரப்பூர், கம்பைநல்லூர் ரோட்டுப் பக்கம். இந்தியாவில் டி.டி.எச் ரெக்கார்டர் பரவலா தெரிய ஆரம்பிச்சது 2008 அக்டோபர்ல டாடா ஸ்கை பிளஸ் வந்தப்போ. தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆரம்பிச்சதும் அந்த வருஷம்தான்! ரெக்கார்ட் போட்டுட்டுப் போனா அந்த நேரம் பார்த்து கரண்ட் இருக்காது. 2012ல் கேட்கவே வேண்டாம், சென்னைக்கு வெளியே பாதி நாள் இருட்டு. அதையெல்லாம் தாண்டி, 2013ல் எங்க மாமா ஒரு ரெக்கார்டர் வாங்கி மாட்டினார். எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்லை.

அந்த வருஷம் ஒரு சேனல்ல விவசாய நிகழ்ச்சிக்காக எங்க தாத்தாவைப் பேச வச்சாங்க. மரவள்ளியில மாவுப்பூச்சி வந்தது பத்தி, அதைத் தின்ன குளவியை விட்டது பத்தி, நாலு நிமிஷம். நான் அப்போ ப்ளஸ் டூ. நிகழ்ச்சி வர்ற அன்னைக்கு நல்லவேளையா கரண்ட் இருந்தது, ரெக்கார்ட் ஆச்சு. 2017ல் தாத்தா தவறிட்டார். போட்டோ இருக்கு, கல்யாண ஆல்பம் இருக்கு. அவர் பேசுறது, நடந்துக்கிட்டே திரும்பி "இந்தா பாருங்க"ன்னு இலையைப் புரட்டிக் காட்டுறது, உலகத்திலேயே அந்த டிஸ்க்ல மட்டும்தான் இருந்தது.

அந்த டிஸ்க்கைக் கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்துடலாமேன்னு நினைப்பீங்க. முடியாது. ரெக்கார்ட் ஆகும்போதே பூட்டி எழுதுது, சாவி அந்தப் பாக்ஸுக்குள்ள இருக்கு. பாக்ஸ் செத்தா சாவியும் செத்துது. இந்தப் பாக்ஸ்ல இன்னொரு கொடுமை, ரீசார்ஜ் முடிஞ்சா பழைய ரெக்கார்டிங்கும் திறக்காது. ஆயா மாசாமாசம் ரீசார்ஜ் போடச் சொன்னது சேனலுக்காகன்னுதான் நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்.

இப்போ அம்மா கேட்டாங்க, "ஏன் கண்ணு, அந்தப் பொட்டி ராத்திரி பகலா சூடாவே இருக்குதே, சுவிட்சை நிறுத்திடட்டுமா?" நியாயமான கேள்வி. மீட்டரும் அதைத்தான் சொல்லுது. ஆனா நான் வேண்டாம்னேன். பல வருஷமா நிக்காம சுத்தின டிஸ்க்குக்கு ஆபத்தான நேரம் சுத்துற நேரம் இல்ல, நிறுத்தி ஆறவிட்டு மறுபடி கிளப்புற நேரம். தேஞ்ச பேரிங், வயசான மோட்டார், சூட்டில் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை ஆறினா திரும்ப எழுந்திருக்காம போகலாம். எழுதுற நடுவில் கரண்ட் போனாலும் ஃபைல் கணக்கு குழம்பும். அதனால முதல்ல காப்பி, அப்புறம் சுவிட்ச். ஆயாகிட்ட சொன்னப்போ, "நீ வர்ற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டேன் சாமி"ன்னுச்சு.

சென்னையில் இருந்து ராத்திரி வண்டி ஏறி, விடியறதுக்கு முன்னாடி மொரப்பூர் ஸ்டேஷன்ல இறங்கினேன். பையில லேப்டாப்பும் ஒரு யு.எஸ்.பி வீடியோ கேப்சர் டாங்கிளும். எச்.டி.எம்.ஐ வழியா வர்ற படத்தில் பெரும்பாலும் காப்பி தடுப்பு இருக்கும். பழைய பாக்ஸ் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூணு ஓட்டை இருக்கே, அது வெறும் அனலாக் சிக்னல். மஞ்சள்ல படம், மத்த ரெண்டுல சத்தம். அதுல டாங்கிளை மாட்டி, பாக்ஸ்ல ப்ளே அமுக்கி, லேப்டாப்ல பதிவு போட்டேன். நாலு நிமிஷ வீடியோவுக்கு நாலு நிமிஷம்தான், சீக்கிரம் எடுக்க வழி கிடையாது. ரெண்டாவது நிமிஷத்தில் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு ஒரு நொடி நின்னுது. டிஸ்க் அந்த இடத்தில் திணறுது. மறுபடி ரெண்டு தடவை ஓட்டி மூணு காப்பி எடுத்தேன், மூணுலயும் அதே இடம்தான். சத்தம் மட்டும் முழுசா இருக்கு.

உங்க வீட்டிலும் இந்த மாதிரி பாக்ஸ் இருந்தா இதே வழி. டாங்கிள் இல்லேன்னா இருட்டு ரூம்ல போனை ஸ்டாண்டில் வச்சு டிவியையே வீடியோ எடுங்க, அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை. எடுத்தது ரெண்டு இடத்தில் இருக்கட்டும். ஒண்ணு, இடி இடிக்கிறப்போ மட்டும் இந்த "சுவிட்சைத் தொடாதே" பேச்சு செல்லாது. ஏப்ரல் மே கோடை மழைக்கு பிளக்கையும் பிடுங்குங்க, டிஷ் கேபிளையும் திருகிக் கழட்டுங்க. மின்னல் அந்தக் கேபிள் வழியாவும் உள்ளே வரும்.

காப்பி எடுத்த அன்னைக்கு சாயந்திரம், 12 வருஷத்துக்கு அப்புறம், அந்த சுவிட்சை நிறுத்தினேன். பத்து நிமிஷம் விட்டு திரும்பப் போட்டுப் பார்த்தேன். டிக் டிக்னு ரெண்டு சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் கிளம்பிடுச்சு. பென் டிரைவை டிவியில் சொருகி தாத்தாவைப் போட்டுக் காட்டினதும் ஆயா கடைசி வரை பார்த்துட்டு, "இனிமே ரீசார்ஜ் பண்ண வேணாம்ல?"ன்னு கேட்டுச்சு. வேணாம்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "இந்த மாசம் மட்டும் போட்டுடு, சீரியல் பாதியில நிக்குது"ன்னுச்சு.