சென்னை ரேடியோவின் பூர்வ சரித்திரம்

(ஆம்பூர்ப் பகுதிச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது சர்க்கார் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதனைத் தொடங்கியது நம்முடையதைப் போன்ற ஒரு சங்கமே. ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் 1924 மே 16-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி, ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தனர். முதற் கருவியின் சக்தி 40 வாட். ஒரு சிறு மின்விளக்குக்குரிய அளவே. பின்னர் 200 வாட் கருவி வந்தது.

உற்சாகம் நிறைய இருந்தது, பணம் இல்லை. நம் கடன் சங்கத்தில் பங்குத்தொகை செலுத்தாதவருக்குக் கடன் கிடையாது. ரேடியோவிலோ, சந்தா கொடாதவனும் கருவியைத் திருப்பினால் கேட்கலாம். இத்தகைய சங்கம் நிலைப்பது கடினமென்பது என் அபிப்பிராயம். 1927 அக்டோபரில் பணமுடையால் ஒலிபரப்பு நின்றது. அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. பம்பாயில் 15 லக்ஷ ரூபாய் மூலதனத்துடன் 1927-ல் தோன்றிய கம்பெனியே 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டது.

கிளப்பார் தம் கருவியைச் சென்னை நகரசபையிடம் ஒப்படைத்தனர். நகரசபை 1930 ஏப்ரல் 1 முதல், 1938 ஜூன் 16-ல் அகில இந்திய ரேடியோ நிலையம் திறக்கப்படும் வரையில், பொதுப்பணத்தைக் கொண்டு ஒலிபரப்பை நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குச் சென்ற நம்மவர் சிலரும் மாலையில் அங்கு நின்று காசின்றிக் கேட்டிருக்கக் கூடும்.